பழைய வழக்கோடு குடியேற்ற விண்ணப்பம்: படிவத்தைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கோப்பு தயாரிப்பது என் வேலை. நான் வக்கீல் இல்லை. பழைய தீர்ப்புகளைத் தேடி வாங்குவது, மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது, தேதிகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பது, இவ்வளவுதான். ஆனால் குற்றப் பதிவோடு வருகிறவர்களின் கோப்பு முதலில் வந்து சேருவது என் மேசைக்குத்தான். உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றே ஒன்று: "அக்கா, இது அவங்களுக்குத் தெரியவருமா?"

அதற்குப் பதில் பின்னால் சொல்கிறேன். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் போக நினைக்கும் நாட்டின் சட்டத்தில் உங்கள் வழக்கு என்னவாக மாறும்? உங்கள் ஊர் நீதிமன்றம் அதைச் சின்ன வழக்கு என்று நினைத்து அபராதத்தோடு விட்டிருக்கலாம். விசா அதிகாரி அந்த நினைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் காகிதங்களை எடுத்துத் தன் நாட்டுச் சட்டப் புத்தகத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். அதனால்தான் ஒரே குற்றம் ஒரு நாட்டில் கதவைச் சாத்துகிறது, இன்னொரு நாட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை.

"கேஸ் முடிஞ்சு போச்சு" என்றால் எப்படி முடிந்தது?

வழக்கு முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி முடிந்தது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். விசாரணை நடந்து விடுதலை ஆனதா? புகார் கொடுத்தவர் சமாதானமாகி வழக்கு வாபஸ் ஆனதா? குற்றப்பத்திரிகையே தாக்கல் ஆகாமல் காவல் நிலையத்தோடு நின்றதா? குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினீர்களா? நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்களா? ஒவ்வொன்றுக்கும் பின்விளைவு வேறு.

இதில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் அபராதம். "தண்டனை எதுவும் இல்ல அக்கா, ஃபைன் கட்டிட்டு வந்துட்டேன்" என்பார்கள். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது குற்றத் தீர்ப்புதான். அபராதமும் தண்டனைதான். போக்குவரத்துக் காவலர் தெருவில் எழுதிக் கொடுக்கும் ரசீதையும் இதையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, படிவம் என்ன கேட்கிறது என்பதை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, ஒரே நாட்டில்கூடப் படிவத்துக்குப் படிவம் கேள்வி மாறும். கனடாவின் தற்காலிக விசா படிவங்கள் குற்றத் தீர்ப்பை மட்டும் கேட்பதில்லை. கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, குற்றம் சாட்டப்பட்டிருக்கிறீர்களா என்றும் கேட்கின்றன. அமெரிக்க விசா படிவமும் கைதைக் கேட்கிறது. மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டும் என்று கேள்விக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஆகவே விடுதலை ஆனவர்களும் பல இடங்களில் "ஆம்" என்று குறித்துவிட்டு, விடுதலைத் தீர்ப்பின் நகலை இணைக்க வேண்டியிருக்கும். "ஆம்" என்று குறித்தாலே மறுத்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். "ஆம்" என்பது விளக்கம் கேட்பதற்கான பெட்டி, அவ்வளவுதான்.

சொந்த நாட்டில் பதிவு அழிக்கப்பட்டுவிட்டது, காலாவதியாகிவிட்டது என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் பழைய தண்டனைகள் சில ஆண்டுகளில் காலாவதியாகும் சட்டம் உண்டு. ஆனால் 2012 அக்டோபரிலிருந்து குடியேற்ற முடிவுகளுக்கு அது பொருந்தாது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில், பிற நாட்டு அரசுகள் கொடுக்கும் பொதுமன்னிப்பு தண்டனையைத் துடைத்துவிடுவதில்லை. கேள்வியில் "எப்போதாவது" என்ற சொல் இருந்தால் அது பிறந்ததிலிருந்து இன்றுவரை என்றே பொருள்.

காகிதங்கள்

படிவத்தைத் திறப்பதற்கு முன்பே இந்த வேலையை ஆரம்பியுங்கள். நீதிமன்றப் பதிவறையிலிருந்து பழைய கோப்பு மேலே வர மாதக் கணக்கில் ஆகலாம். வாங்க வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, தண்டனை உத்தரவு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள். அபராதம் கட்டிய ரசீது. சிறைக்குப் போயிருந்தால் விடுதலையான தேதி உள்ள சிறைச் சான்று. கண்காணிப்பு இருந்திருந்தால் அது நிறைவடைந்ததற்கான கடிதம். கூடவே, குற்றம் நடந்த தேதியில் அமலில் இருந்த சட்டப் பிரிவின் முழு வாசகம். இந்தக் கடைசி ஒன்றைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவு என்ன சொல்கிறது, அதிகபட்சத் தண்டனை எவ்வளவு என்று தெரியாமல் அதிகாரியால் தன் நாட்டுப் பிரிவோடு ஒப்பிட முடியாது.

கோப்பு அழிந்துவிட்டது என்று நீதிமன்றம் சொன்னால், அதையே எழுத்தில் வாங்குங்கள். "தேடிப் பார்த்தோம், இந்த எண்ணுள்ள கோப்பு இன்ன விதிப்படி அழிக்கப்பட்டது" என்ற ஒரு வரிக் கடிதம், நீங்கள் எழுதும் நான்கு பக்க விளக்கத்தைவிடக் கனமானது.

மொழிபெயர்ப்பு முழுமையாக இருக்க வேண்டும். முத்திரையில் உள்ள எழுத்து, ஓரத்தில் குமாஸ்தா கிறுக்கிய குறிப்பு, எல்லாமே வர வேண்டும். உங்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு கடுமையான வாக்கியங்களை மென்மையாக்கும் மொழிபெயர்ப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஒரு தீர்ப்பின் நடுவிலிருந்து ஒரு பத்தியே காணாமல் போயிருந்தது. மூலப் பிரதியும் கூடவே போகிறது, அங்கே அந்த மொழி தெரிந்தவர்கள் வேலை செய்கிறார்கள் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

எல்லாம் கைக்கு வந்ததும் ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: சம்பவம், கைது, ஜாமீன், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, தண்டனை தொடக்கம், தண்டனையின் கடைசித் துண்டு முடிந்த நாள். கடைசியில் உள்ள தேதியைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்.

காகிதத்தை அதிகாரியின் கண்ணால் படிப்பது

கனடாவை எடுத்துக்கொள்கிறேன், எங்களிடம் வரும் கோப்புகளில் அதிகம் அதுதான், அதன் கணக்கும் கொஞ்சம் நுணுக்கமானது. அங்கே குடியேற்றச் சட்டத்தின் 36ஆம் பிரிவு குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. நீங்கள் செய்ததை அப்படியே கனடாவில் செய்திருந்தால் அதிகபட்சமாக 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை கிடைக்கக்கூடும் என்றால் அது கடும் குற்றம். அதற்குக் கீழே உள்ளது சாதாரணக் குற்றம். கவனியுங்கள்: உங்களுக்கு உண்மையில் என்ன தண்டனை கிடைத்தது என்பதே இங்கே பேச்சில் இல்லை. அபராதம் மட்டும் கட்டியவரும் "கடும் குற்றம்" பெட்டிக்குள் போகலாம்.

அடிதடி வழக்கு ஒன்றை வைத்துப் பார்ப்போம். கனடாவில் வெறும் தாக்குதலுக்கு அதிகபட்சம் 5 ஆண்டு. ஆயுதத்தால் தாக்கினாலோ உடலில் காயம் ஏற்படுத்தினாலோ 10 ஆண்டு. இப்போது உங்கள் குற்றப்பத்திரிகையை எடுங்கள். கையால் அடித்தார் என்று இருக்கிறதா, கட்டையால் அடித்தார் என்று இருக்கிறதா? சண்டையில் கைக்குக் கிடைத்த கட்டையும் ஆயுதமாகத்தான் கணக்கிடப்படும். அந்த ஒரு சொல் உங்களை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குத் தூக்கிப் போட்டுவிடும். திருட்டிலும் இப்படித்தான். பொருளின் மதிப்பு 5,000 கனடிய டாலருக்கு மேல் என்றால் அதிகபட்சம் 10 ஆண்டு. அதற்குள் என்றால் 2 ஆண்டு. பொருளின் மதிப்பு தீர்ப்பில் எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். பதிவாகியிருந்தால் அந்தப் பத்தியில் மஞ்சள் சீட்டு ஒட்டுங்கள். எங்கள் வக்கீல் அம்மா இந்த மஞ்சள் சீட்டுகளைத்தான் முதலில் படிப்பார்.

எந்தப் பெட்டி என்று தெரிந்தபிறகு சிவப்பு வட்டத் தேதிக்கு வருவோம். சாதாரணக் குற்றம், ஒன்றே ஒன்று, தண்டனை முழுவதும் முடிந்து 10 ஆண்டு ஆகிவிட்டது, அதற்குப் பிறகு வேறு எதுவும் இல்லை என்றால், மறுவாழ்வு பெற்றவராகவே, அதாவது திருந்திவிட்டவர், பழைய குற்றம் இனித் தடையில்லை என்றே, உங்களைக் கருத இடம் இருக்கிறது. இதற்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை. ஆனால் ஆவணங்களைக் காட்டி நிறுவ வேண்டும். தண்டனை முடிந்து 5 ஆண்டு ஆகியிருந்தால் மறுவாழ்வு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். கடும் குற்றம் என்றால் எத்தனை ஆண்டு ஆனாலும் தானாகக் கருதமாட்டார்கள். விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். அதன் முடிவு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், நிரந்தரக் குடியிருப்புக்கான கால அட்டவணையில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 ஆண்டு இன்னும் ஆகவில்லை, போயே ஆக வேண்டிய காரணம் இருக்கிறது என்றால் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி என்று ஒன்று உண்டு. அது நிரந்தரக் குடியேற்றத்துக்கான வழி அல்ல, ஒரு குறிப்பிட்ட தேவைக்கான சலுகை.

தண்டனை எப்போது முடிந்தது என்பதில்தான் குழப்பம். சிறையிலிருந்து வெளியே வந்த நாளை எழுதுவார்கள். பரோல் இருந்தால் பரோல் முடிந்த நாள்தான் கணக்கு. கண்காணிப்பு இருந்தால் அது முடிந்த நாள். அபராதத்தைத் தவணையில் கட்டியிருந்தால் கடைசித் தவணை. வண்டி ஓட்டத் தடை விதித்திருந்தால் தடை முடிந்த நாள். தீர்ப்பு 2013இல் வந்து, அபராதத்தின் ஒரு பகுதியை மறந்துபோய் 2019இல் கட்டியவருக்குக் கடிகாரம் 2019இல்தான் ஓடத் தொடங்குகிறது. இன்னும் கட்டாமலே இருப்பவருக்கு அது ஓடவே தொடங்கவில்லை. பழைய அபராதம் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இப்போது ஒரே ஆளை ஐந்து நாட்டு வாசலில் நிறுத்திப் பார்ப்போம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினார், யாருக்கும் காயமில்லை, அபராதம் கட்டினார். வேறு எந்த வழக்கும் இல்லை.

கனடாவில் இவருக்குத்தான் பெரிய சிக்கல். 2018 டிசம்பர் 18 முதல் அங்கே இந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்ந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த சம்பவம் என்றால் அது கடும் குற்றம். முன்னால் நடந்தது என்றால் பழைய கணக்கில் பார்க்க வழி உண்டு. சம்பவத் தேதியை நினைவிலிருந்து எழுதாதீர்கள், காகிதத்திலிருந்து எடுங்கள்.

அமெரிக்காவில் இதே ஆள் இந்த ஒன்றுக்காக மட்டும் தடைபடுவது அரிது. அங்கே சட்டம் தேடுவது ஒழுக்கக்கேடான குற்றங்களை: ஏமாற்று, திருட்டு, கடுமையாகக் காயப்படுத்தும் நோக்கம் போன்றவை. ஆனால் மருத்துவப் பரிசோதனையில் மதுப் பழக்கம் பற்றிக் கேள்வி வரும். கடையில் ஒரு சின்னப் பொருளைத் திருடியவருக்குத்தான் அங்கே சட்டப் பிரச்சினை. அவருக்கும் ஒரு விலக்கு இருக்கிறது. ஒரே ஒரு குற்றம், அதற்கான அதிகபட்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாது, விதித்த தண்டனை 6 மாதத்தைத் தாண்டவில்லை என்றால் தப்பிக்கலாம். போதைப்பொருளில் அமெரிக்கா மிகக் கண்டிப்பு. நிரந்தரக் குடியேறுபவர்களுக்குக் கிடைக்கும் விலக்கு, சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராமோ அதற்குக் குறைவாகவோ கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு சம்பவத்துக்கு மட்டுந்தான்.

ஆஸ்திரேலியா விதித்த தண்டனையைப் பார்க்கிறது. 1958ஆம் ஆண்டுக் குடிப்பெயர்வுச் சட்டத்தின் 501ஆம் பிரிவுப்படி, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் நடத்தைச் சோதனையில் தோல்வி. அபராதம் கட்டிய நம் ஆள் அந்த அளவுகோலைத் தொடவில்லை. ஆனால் இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஏககாலத்தில் அனுபவிக்கும்படி இரண்டு தண்டனைகள் கொடுத்திருந்தால், தலா 6 மாதம் என்றாலும் ஆஸ்திரேலியா இரண்டையும் கூட்டி 12 என்று எழுதும். நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும், நீங்கள் ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாவிட்டாலும், கணக்கில் வரும்.

பிரிட்டன் அதே 12 மாதக் கோட்டைத்தான் வைத்திருக்கிறது. அதைத் தொட்டால் மறுத்தே ஆக வேண்டும் என்பது விதி. 12 மாதத்துக்குக் கீழே அதிகாரியின் முடிவு. பெயரும் புகழும் இருந்தால் நெளிவு சுளிவு கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு: 2008இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட்டுக்கே பழைய தண்டனையைக் காரணம் காட்டி பிரிட்டன் விசா மறுத்தது.

நியூசிலாந்தில் எப்போதாவது 5 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை, அல்லது கடந்த 10 ஆண்டுக்குள் 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் தடை. குடித்து ஓட்டிய வழக்கில் கடந்த 5 ஆண்டுக்குள் தண்டனை பெற்றவர், குடியிருப்பு விசாவுக்கு நடத்தை விலக்கு கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் கிடைக்கவே கிடைக்காது என்பதில்லை.

ஆகவே எந்த நாடு என்பதை வேலை வாய்ப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தீர்ப்பு எந்த நாட்டுச் சட்டத்தோடு குறைவாக உரசுகிறது என்பதையும் பாருங்கள்.

காவல்துறைச் சான்றிதழ்

இது சலிப்பான பகுதி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த நாட்டில் மட்டும் வாங்கினால் போதாது. கனடாவுக்கு, 18 வயதுக்குப் பிறகு கடந்த 10 ஆண்டுக்குள் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலும் வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் அளவுகோல் மொத்தம் 12 மாதம், 16 வயதிலிருந்து. அமெரிக்காவோ, நீங்கள் கைதான நாடு எதுவாக இருந்தாலும், அங்கே எவ்வளவு குறைவாகத் தங்கியிருந்தாலும், அதன் சான்றிதழைக் கேட்கும். இந்தச் சான்றிதழ்களுக்குக் காலக் கெடு உண்டு என்பதால் நீதிமன்ற ஆவணங்களை முதலில் வாங்கிவிட்டு, சான்றிதழுக்குக் கடைசியில் விண்ணப்பியுங்கள். சான்றிதழ் சுத்தமாக வந்துவிட்டது, ஆனால் உங்களுக்கு வழக்கு இருந்தது தெரியும் என்றால், படிவத்தில் வழக்கைச் சொல்லத்தான் வேண்டும். சான்றிதழ் உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடாது.

விளக்கக் கடிதம்

நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். கொண்டுவரும் முதல் வரைவு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "சூழ்நிலை காரணமாக நடந்த ஒரு சிறிய அசம்பாவிதம். நான் நிரபராதி. பொய் வழக்கு போட்டார்கள். குடும்பத்துக்கு நான் ஒருவனே ஆதாரம்." இதைப் படிக்கும் அதிகாரிக்கு என்ன நடந்தது என்று ஒன்றுமே தெரியாது. தீர்ப்பு உங்களைக் குற்றவாளி என்று சொல்கிறது. அதை மறுபடி விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. நீங்கள் மறுத்தால், இவர் இன்னும் உணரவில்லை என்று குறிப்பு எழுதுவார்.

இப்படி எழுதுங்கள்: "2011இல் பக்கத்து வீட்டுக்காரரோடு ஏற்பட்ட தகராறில் அவரைக் கட்டையால் அடித்தேன். அவருடைய முழங்கை எலும்பு முறிந்தது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 4 மாதச் சிறையும் அபராதமும் விதித்தார்கள். இரண்டும் 2012 ஜனவரியில் முடிந்தன. சான்றுகள் 3, 4." யார், எப்போது, என்ன செய்தார், யாருக்கு என்ன ஆனது, தண்டனை என்ன, எப்போது முடிந்தது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு இணைப்பு எண். உங்கள் கடிதமும் தீர்ப்பும் ஒரு தேதியில்கூட முரண்படக் கூடாது. தீர்ப்பில் எலும்பு முறிவு என்று இருந்து கடிதத்தில் லேசான காயம் என்று இருந்தால், மீதி எல்லாவற்றையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

பிறகு, இப்போதைய வாழ்க்கை. இங்கே உணர்ச்சியைக் கொட்டாதீர்கள், மாற்றத்தைக் காட்டுங்கள். குடிதான் காரணம் என்றால் சிகிச்சை எடுத்த மையத்தின் கடிதம். கோபம்தான் காரணம் என்றால் ஆலோசகரிடம் போன பதிவு. அதன் பிறகு தொடர்ந்து பார்த்த வேலை, கட்டிய வரி, எந்த வழக்கும் இல்லாத ஆண்டுகள். ஒன்றரைப் பக்கம் போதும். வருத்தத்தை ஒரு பத்தியில் சொன்னால் நம்புவார்கள், நான்கு பத்தியில் சொன்னால் எரிச்சல்தான் வரும்.

நற்சான்றுக் கடிதம் தருபவர்களுக்கு உங்கள் வழக்கு தெரிந்திருக்க வேண்டும். "இவர் தங்கமான மனிதர்" என்று பெரிய பதவியில் இருப்பவர் எழுதித் தரலாம். வழக்கைப் பற்றி அவருக்குத் தெரியாது என்பது கடிதத்தைப் படித்தாலே புரிந்துவிடும். "2011இல் நடந்தது எனக்குத் தெரியும். அது தெரிந்தேதான் 2014இல் வேலைக்குச் சேர்த்தேன், இதுவரை ஒரு சச்சரவும் இல்லை" என்று மேற்பார்வையாளர் எழுதும் மூன்று வரி போதும். முதலாளியிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்பார்கள். புரிகிறது. சொல்லக் கூச்சப்படாத இன்னொருவரைத் தேடுங்கள்.

தெரியவருமா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் குடியேற்றத்துக்காகக் கைரேகை உள்ளிட்ட தகவல்களைத் தங்களுக்குள் ஒத்துப் பார்க்கின்றன. ஒரு நாட்டு விண்ணப்பத்தில் ஒப்புக்கொண்டதை இன்னொரு நாட்டில் மறைத்தால் மாட்டுவது சுலபம். இன்றைக்குத் தெரியாமல் போகலாம். பத்து ஆண்டு கழித்து, வீடு வாங்கி, பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போகும் காலத்தில் தெரியவந்தால் குடியுரிமை வரைக்கும் பறிபோகலாம்.

மறைத்ததற்கான தண்டனை பல சமயம் வழக்கைவிடப் பெரியது. கனடாவில் பொய்த் தகவலுக்கு 5 ஆண்டுத் தடை. ஏமாற்றியதாகப் பிரிட்டன் முடிவு செய்தால் 10 ஆண்டு. ஆஸ்திரேலியாவில் பொதுவாக 3 ஆண்டு, அடையாளத்தில் ஏமாற்றினால் 10. அமெரிக்காவில் ஆயுள் முழுக்க. விலக்கு கிடைத்தால் ஒழிய மீட்சி இல்லை. அபராதத்தோடு முடிந்த ஒரு பழைய வழக்கை மறைக்கப் போய், சிக்கல் இல்லாமல் முடிந்திருக்க வேண்டிய விண்ணப்பத்தில் தடை வாங்கியவர்களின் கோப்புகள் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. "ஏஜென்ட்தான் அப்படி நிரப்பினார்" என்பது பொதுவாக எடுபடுவதில்லை. கையெழுத்து உங்களுடையது. யார் நிரப்பினாலும், அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படியுங்கள்.

கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகளின் வழக்குகளையும் இப்போதே கேட்டுவிடுங்கள். கனடாவில் உடன் வரும் குடும்பத்தினர் ஒருவர் தகுதியிழந்தால் முதன்மை விண்ணப்பதாரரும் தகுதியிழப்பார். சில நிலைகளில் உடன் வராதவர்களாலும் அப்படி ஆகும். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண், தன் கணவருக்குக் கல்லூரிக் காலத்து வழக்கு ஒன்று இருந்ததை என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டார். அன்றைக்கு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

யாரிடம் போவது, எப்போது அனுப்புவது

ஒரே ஒரு பழைய அபராதம், காகிதங்கள் தெளிவாக இருக்கின்றன என்றால் நீங்களே செய்துகொள்ளலாம். இரண்டு வழக்குகள், சிறைத்தண்டனை, போதைப்பொருள், பாலியல் குற்றம், குடும்ப வன்முறை, ஏற்கெனவே ஒரு மறுப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் வழக்கறிஞர் வேண்டும். அவர் அந்த நாட்டில் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் குடிப்பெயர்வு முகவருக்குப் பதிவு எண் இருக்கும். கனடாவில் ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்று (பெயரில் "கல்லூரி" என்று இருந்தாலும் படிக்கும் இடம் அல்ல) 2021 நவம்பரிலிருந்து இயங்குகிறது, அதன் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். "பதிவை நான் சரி செய்துவிடுகிறேன்" என்று சொல்பவரிடம் ஒரு காகிதத்தையும் கொடுக்காதீர்கள்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் காத்திருப்பது நல்லது. முடிவு தெரியாத வழக்கை வைத்துக்கொண்டு அதிகாரி முடிவெடுக்கத் தயங்குவார், கோப்பு கிடப்பில் போகும். அதற்குள் சான்றிதழ்கள் காலாவதியாகும், மருத்துவப் பரிசோதனையும் காலாவதியாகும்.

அனுப்பிய பிறகு, மறுக்கும் எண்ணம் இருந்தால் முடிவுக்கு முன் விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். அதைப் பார்த்ததும் பலர் மறுப்பு என்றே நினைத்து மூலையில் போட்டுவிடுகிறார்கள். அது உங்களுக்குக் கொடுக்கும் வாய்ப்பு. கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அதிகாரி எழுப்பிய ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அவர் எழுதிய வரிசையிலேயே பதிலும் ஆதாரமும் கொடுங்கள். அவர் கேட்காததை எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். நேரம் போதாது என்றால் கெடு முடிவதற்கு முன்பே, காரணத்தோடு அவகாசம் கேளுங்கள்.

விசா கிடைத்துவிட்டால், தீர்ப்பு நகலும் மறுவாழ்வு அங்கீகாரக் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும், சாமான் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி மறுபடி கேட்கலாம். அனுப்பிய விண்ணப்பத்தின் முழு நகலையும் விளக்கக் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். சில ஆண்டு கழித்துக் குடியுரிமைப் படிவம் கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்கும். அப்போது எழுதும் பதிலை இந்த நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.